அந்தத் தம்பிகிட்ட குடுங்க

டான்யூப் ஆறு கடலில் கலக்கும் வில்கோவேயில் தெருவெல்லாம் வாய்க்கால்தான். கல்லறைக்கும் படகில்தான் போகவேண்டும். தெரெந்தியின் படகில் சுற்றுலாக்காரர்கள் உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டு, அங்கே அவனுடைய சவப்பெட்டியை இறக்குகிறார்கள். முகத்துவாரத்தில் வலை வீசப் போனவனைப் போர்க்கப்பல்களுக்காகப் போட்ட கண்ணிவெடியொன்று மிதந்து வந்து கொன்றுவிட்டது. நாணல்மேல் வெயில் பொன்னாய்க் கிடக்கிறது. அம்மா லுக்கேரியாவின் மடியில் அவனுடைய போன் அடிக்கிறது. “படகுச் சவாரிதானே? கடல் கலக்குற இடத்துல பசங்களோட போட்டோ எடுக்கணும்,” என்கிறது ஒரு பெண்குரல். “தண்ணியில வெடி மிதக்குதும்மா, வராதீங்க.” “சும்மா பயமுறுத்தாதீங்க. வீடியோல சிரிச்சுக்கிட்டே படகு ஓட்டுறாரே, அந்தத் தம்பிகிட்ட குடுங்க.” லுக்கேரியா பெட்டியைத் தடவுகிறாள். “அவன்தாம்மா வெடியில போயிட்டான். இப்பதான் அடக்கத்துக்குக் கிளம்புறோம்.” “அடடா… சரி, வேற படகுக்காரர் நம்பர் இருக்கா?” துடுப்போடு நிற்கும் அவள் தம்பி சவேலி பல்லைக் கடிக்கிறான். “போனை வெச்சுத் தொலை, அக்கா!” அவள் வைக்கவில்லை. “பசங்க பேரைச் சொல்லும்மா. இன்னிக்கு ஜெபத்துல சேத்துக்கிறேன்.” “அபசகுனமா பேசாதீங்க!” போன் துண்டிக்கப்படுகிறது. பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காக லுக்கேரியா தங்கள் சபையின் பழைய வழக்கப்படி இரு விரல் சேர்த்துச் சிலுவையிட்டுக்கொண்டு, மகனின் தலைமாட்டில் போய் உட்காருகிறாள்.