மூன்று ஓட்டு

என் பெயருக்கு விழுந்த ஓட்டுச்சீட்டுகளை மேசையிலிருந்து தூக்கினார்கள்.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் மூன்று மேசைகள். நடுவில் இருந்தது என்னுடையது. இனி அது வெறும் மேசை.

முதல் எண்ணிக்கையில் யாருமே பாதியைத் தாண்டவில்லை. மேயர் ஹால்வர்சன் முன்னால் இருந்தார். அடுத்து வந்தவள் ஹோதன் வார்சமே. கடைசியில் நான், ஹோதனைவிட மூன்று ஓட்டு குறைவாக.

கடைசியாக வந்தவர் விலக வேண்டும். அவருடைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டாவதாக யாரைக் குறித்திருக்கிறார்களோ அவர் மேசைக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் ஊரில் மேயரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

"மூணு ஓட்டு! மூணே மூணு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பெவ். பக்கத்து வீட்டுக்காரி, என் பிரசாரத்தை நடத்தியவள். "எந்தப் பாவிங்க அது? கையில கெடைக்கட்டும், இந்த வருஷத்துப் பனி மொத்தத்தையும் அவங்க வாசல்லதான் கொட்டுவேன்."

என் கணவன் லோவெல் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் துக்கத்தைத் தேடினேன். பழைய கோட்டுப் பைக்குள் கையுறையைத் தேடுவது மாதிரி எல்லா மூலையிலும் துழாவினேன். இல்லை. கண் மட்டும் சீட்டுகளின் பின்னாலேயே போனது.

ஒன்று ஹால்வர்சனுக்கு. அடுத்தது ஹோதனுக்கு. அதற்கடுத்ததும் ஹோதனுக்கு.

இலையுதிர் காலம் முழுவதும் நானும் ஹோதனும் சேர்ந்தே கதவு தட்டினோம். "என்ன மொதல்ல போடுங்க, இவளை ரெண்டாவதாப் போடுங்க" என்பாள் அவள். நான் மாற்றிச் சொல்வேன். சமோசா மாதிரியான அவளுடைய சம்பூசாவும் என் பூசணி கேக்கும் ஒரே தட்டில் போகும். எந்தத் தெருவிலும் முதலில் தீர்ந்தது சம்பூசாதான்.

மேடை விவாதங்களில் அவள் பேசும்போது என் பதிலை யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிடும். கேட்டுக்கொண்டே இருந்துவிடுவேன்.

இப்போது அரங்கின் மறுகோடியில் அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய கட்டு உயர்ந்துகொண்டே வந்தது. கடைசிச் சீட்டு போய்ச் சேர்ந்தது. அதிகாரி ஒரு தடவை கூட்டினார். மறுபடி கூட்டினார். பிறகு ஒலிபெருக்கியைத் தட்டினார்.

ஹோதன் பாதியைத் தாண்டிவிட்டாள்.

கூரை பறந்துவிடும் போல ஒரு சத்தம். ஹோதன் நேராக என்னிடம் ஓடி வந்து என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். "உன் ஆளுங்கதான், கிறிஸ்டா! உன் ஆளுங்கதான் என்னக் கரையேத்திட்டாங்க!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஹால்வர்சன் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கே பனி கொட்டுமாம். இனிமே திட்டு வாங்கறது உங்க வேலை, மேயரம்மா" என்றார். பல வருடங்களுக்குப் பிறகு அவர் தோள்கள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

பெவ் சாபத்தை மறந்துவிட்டு, யாரோ ஒரு கிழவருடன் ஆடிக்கொண்டிருந்தாள்.

லோவெலின் முகம் மட்டும் வெளிறியிருந்தது. என் முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துப்போனான்.

"கிறிஸ்டா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுக்குப் போயிடலாமா?"

"இங்கயே சொல்லு. இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுது?"

"நான் மொதல்ல உன்னப் போடல." அவன் காது இரண்டும் சிவந்தன. "ஹோதனைப் போட்டேன். உன்ன ரெண்டாவதாத்தான் போட்டேன்."

உறைந்த மண்ணில் என் பெயர்ப் பலகைகளை நட்டு, சுத்தியலால் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டவன் இவன். நகம் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"உன் மேல ஒரு கொறையும் இல்ல. அந்தத் தட்டி மறைவுல தனியா நின்னேன் பாரு, அப்ப, இந்த ஊருக்கு யாருன்னு என்னையே கேட்டுக்கிட்டேன். கை அவ பக்கம் போயிடுச்சு. என்னாலதான் நீ தோத்துட்ட."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குள் ஏதோ கிளம்பி மேலே வந்தது, சோடாவில் குமிழி வருவது மாதிரி.

"உன்னால இல்ல" என்றேன். "கணக்குப் போட்டுப் பாரு. உன் ஓட்டு எனக்கு வந்திருந்தா எனக்கு ஒண்ணு ஏறும், அவளுக்கு ஒண்ணு எறங்கும். மூணுல ரெண்டுதான் சரியாகும். அப்பவும் நான் ஒரு ஓட்டு பின்னாலதான்."

அவன் விரல்களை மடக்கிப் பார்த்தான். முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. உடனே மறுபடி நெற்றி சுருங்கியது.

"அப்ப, என்ன மாதிரியே இன்னொரு துரோகி இருந்தாத்தானே நீ தோத்திருக்க முடியும்? நம்ம வீட்டுக் காபியக் குடிச்சுக்கிட்டே அவளுக்குப் போட்ட ஆளு? யாரு, பெவ்வா?"

"சே, பெவ் இல்ல."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்ற?"

நான் உதட்டைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. சிரிப்பு கண் வழியாக வந்துவிட்டது.

லோவெல் என்னைப் பார்த்தான். "நீயுமா?" என்றான். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, புது மேயர்கூடத் திரும்பிப் பார்க்கும்படி, அந்த அரங்கம் அதிரச் சிரித்தான்.