கேட்காமல் செய்த உதவி

பிரிண்ட் கடை மேஜையில் பன்னிரண்டு பெரிய படங்கள் மை மணத்தோடு கிடக்கின்றன. மின்விசிறி அவற்றின் ஓரங்களைத் தூக்கித் தூக்கிப் பார்க்க, கத்தரிக்கோலும் டேப்பும் ஆளுக்கொரு மூலையை அழுத்திப் பிடித்திருக்கின்றன. புகைப்படக்காரி குனிந்து உற்றுப் பார்க்கிறாள். தோல் கறுப்பு என்பதாலேயே கடைவாசல்களில் நிறுத்திப் பை சோதிக்கப்பட்டவர்களை, அதே பையைத் திறந்து காட்டச் சொல்லி அவள் எடுத்த படங்கள் இவை. ஐந்து மணிக்குக் கண்காட்சி. ஆனால், மேலே இருப்பவர்கள் எல்லோரும் மாவில் புரட்டியெடுத்ததுபோல் வெளுத்திருக்கிறார்கள்.

“மூஞ்சியெல்லாம் பளிச்சுனு ஆக்கிட்டேன்மா. நீ கேக்கவே இல்ல, நானா செஞ்சேன்” என்கிறார் கடைக்காரர், பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு. அந்த முகமும் நல்ல கறுப்புதான்.

“அண்ணே, இந்த நிறத்துல இருந்தா இவங்கள எவன் நிறுத்தப்போறான்?”

அவர் தலையைச் சொறிகிறார். அவள் படபடவென்று புரட்டுகிறாள். கடைசிப் படம் மட்டும் எடுத்தபடியே இருக்கிறது. கறுத்த பெண்ணொருத்தி துணிப்பையை விரித்துப் பிடித்து, கேமராவையே சுட்டுவிடுவதுபோல் முறைக்கிறாள்.

“இத மட்டும் ஏன் விட்டீங்க?”

“அது உங்க அண்ணிம்மா. அவளுக்கு எதுக்கு? அவ நல்லாத்தானே இருக்கா.”

சொன்னவர், மற்ற பதினோரு படங்களையும் பார்க்கிறார். நாக்கைக் கடித்துக்கொள்கிறார். “பதினோரு வீட்டுலயும் என்னைத் திட்டித் தீத்திருப்பாங்க” என்று முனகிக்கொண்டே, புதுத் தாளை எடுத்து எந்திரத்தில் செருகுகிறார்.