ஏழாவது ஆள்

அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மானேஜர் வாயைத் திறந்தால் அவள் புராணம்தான். பத்து வருட டிசைனரான எனக்கு வயிறு எரிந்தது.

பஸ் டிக்கெட் ஆப்புக்கு நானும் அவளும் ஆளுக்கொரு டிசைன் போட்டிருந்தோம். ஏழு பயணிகளை ஒவ்வொருவராக அழைத்து இரண்டையும் காட்டுவார்கள். ஜெயிப்பவர்தான் டீம் லீடர். டிசைனர்கள் அறைக்குள் போகக் கூடாது.

வெளியே அவள் நிதானமாகக் காபி குடித்தாள். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், பயமா இல்லையா?”

“எனக்கென்னம்மா பயம்?”

ஏழாவது ஆள் வெளியேறினார். பின்னாலேயே மானேஜர் வந்தார்.

“ஆறு பேர் வரைக்கும் மூணுக்கு மூணு. ஏழாவது ஆள், முதல்ல காட்டினதைத் தலையில தூக்கி வெச்சு ஆடிட்டார். ரெண்டாவதைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டார்!”

நான் எழுந்து கை நீட்டினேன். அவர் அவளிடம் திரும்பினார்.

“வாழ்த்துகள்மா, டீம் லீடர்!”

“சார்! எப்பவும் சீனியரோடதைத்தானே முதல்ல காட்டுவீங்க?” என்று பதறினேன்.

“முதல்ல பார்க்கிறது மேலயே மனசு போயிடும், ஆளுக்கு ஆள் வரிசையை மாத்துங்கன்னு இந்தப் பொண்ணுதான் காலையில சொன்னா. ஏழாவது ஆளுக்கு முதல்ல காட்டினது அவளோடதை.”

படியிறங்கினேன். கீழே ஏழாவது ஆள் பல்லெல்லாம் தெரியக் காத்திருந்தான். என் மனைவியின் தம்பி.

“எப்படி மச்சான்? நீங்க சொன்ன மாதிரியே முதல்ல வந்ததைத் தூக்கிட்டேன், ரெண்டாவதைக் கிழிச்சுட்டேன். நிஜத்துல எனக்கு ரெண்டாவதுதான் ரொம்பப் பிடிச்சுது. உங்களுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திட்டினேன்!”