வாய் திறக்காத சண்டை

மனைவி வாயே திறக்கவில்லை. உறை போட்ட செல்போனில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, கணவனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேக்க மறந்துட்டீங்களே!"

அவனும் வாய் திறக்காமல் தன் செல்போனில் அழுத்திக் காட்டினான்.

"தலைக்கு மேல வேலை."

அவள் விடவில்லை. "உங்க தம்பி கல்யாணம்னா மறந்திருப்பீங்களா?"

அவன் சரணடைந்தான். "தப்புதான். மன்னிச்சுடு, தாயே!"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க முகத்தைத் திருப்பினாள்.

எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால், மீன் பார்க்க வந்த கூட்டம் மீன்களை மறந்துவிட்டு, வாயில் மூச்சுக்குழாயோடு தொட்டியைக் கழுவத் தண்ணீருக்குள் இறங்கியிருந்த இந்த இரண்டு பேரின் செல்போன்களையே படித்துக்கொண்டிருந்தது.

முன்வரிசை அம்மாள் ஒருத்தி கொட்டை எழுத்தில் அடித்து, தன் செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் மன்னிச்சுடாதேம்மா!"