கீலைட்டிஸ்னா என்ன?

“உதடு வீங்கினதுக்கெல்லாம் வேலையை மாத்திக் குடுத்தா, நான் கம்பெனியை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்!”

முதலாளி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அந்தப் பொம்மைக் கம்பெனியில் ஆபீஸ் கிளார்க். எதிரில் நின்ற பெரியக்கா, பொம்மைகளுக்கு உதடு தீட்டுகிறவர்களில் மூத்தவர். அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வரும்.

டாக்டர் கொடுத்த சீட்டைப் பெரியக்கா மேஜைமேல் வைத்தார்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “கீ... லைட்டிஸ். இது என்னய்யா, வாயிலயே நுழையல?”

போனில் தேடிப் பார்த்தேன். “உதட்டு அழற்சியாம் சார். உதடு சிவந்து, வீங்கி, வெடிக்கிறது.”

“அட, இதைச் சொல்ல டாக்டர் எதுக்கு? முகம் பாக்குற கண்ணாடியே சொல்லுமே! எதனால வந்துச்சுன்னு இந்தப் பேர்ல இருக்கா?”

“இல்ல சார். வெயில், குளிர், உதட்டைக் கடிக்கிற பழக்கம், ஏதாவது ஒத்துக்காம போறது... எதனால வந்தாலும் இதே பேருதானாம்.”

“கேட்டியாம்மா?”

பெரியக்கா வாயை அதிகம் அசைக்காமல் பேசினார். “உதட்டுல என்ன படும்னு டாக்டர் கேட்டாருங்கய்யா. பிரஷ்ஷுன்னு சொன்னேன். முதல்ல அதை நிறுத்துன்னுட்டாரு. பேக்கிங்குக்கு மாத்திவிடுங்க, போதும்.”

பொம்மையின் உதடு அரிசி அளவுதான். பிரஷ் நுனி ஊசியாக இருந்தால்தான் கோடு பிசகாது. அதனால் சாயம் தொட்டதும் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வார்கள். ஒரு பொம்மைக்கு மூன்று தடவை.

“சாயத்துல விஷமா வச்சிருக்கேன்? குழந்தைங்க விளையாடுற பொம்மைம்மா! நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான். வா, மத்தவங்களையும் கேட்டுடுவோம்.”

மூவரும் ஹாலுக்குப் போனோம். இப்போது தீட்டுகிற புதுச் சாயம் வருவதற்கு முன்னால் அந்த இடம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். மாமியார் கதை, மருமகள் கதை எல்லாம் அங்கேதான் அரங்கேறும். அன்றைக்கு மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. முப்பது பெண்கள் குனிந்திருந்தார்கள். முப்பது பிரஷ்ஷும் ஒன்றாக வாய்க்குப் போய், ஒன்றாக இறங்கின.

“யாருக்காவது உதட்டுல தொந்தரவு இருக்கா?”

முப்பது முகங்களும் நிமிர்ந்தன. எல்லா உதட்டிலும் ஒரே சிவப்பு, ஒரே வீக்கம். பின்னால் அலமாரி நிறையப் பொம்மைகள், அதே சிவப்பில், எங்களையே பார்த்துக்கொண்டு.

‘இருக்கு’ என்று சொன்னால் வேலை போய்விடுமே! ‘இல்லை’ என்று தலையை மட்டும் ஆட்டினார்கள்.

“பாத்தியா, உனக்கு மட்டும்தான்” என்றார் முதலாளி. அவரே பையிலிருந்து ஒரு களிம்பு டியூபை எடுத்துப் பெரியக்கா கையில் வைத்தார். “தங்கச்சி மாதிரி நினைச்சுச் சொல்றேன், ராத்திரி பூசிக்க. சரியாயிடும்.”

அப்புறம் என்னைக் கூப்பிட்டு ஒரு தாள் டைப் அடிக்கச் சொன்னார். ‘என் உதட்டு அழற்சிக்கும் என் வேலைக்கும் சம்பந்தம் இல்லை.’ கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

பெரியக்கா பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

“போட்டுடுங்கக்கா” என்றேன். “களிம்பெல்லாம் வாங்கிக் குடுக்குற மனுஷன், தெரிஞ்சே கெடுதல் பண்ணுவாரா?”

பெரியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். இடத்தில் போய் உட்கார்ந்து, சாயம் தொட்டு, பிரஷ்ஷை வாயில் வைத்தார்.

எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் நல்லதுதான் செய்தோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பேத்திக்குப் பிறந்தநாள்ய்யா. நல்ல பொம்மையா ஒண்ணு கொண்டா.”

அலமாரியிலேயே அழகான பொம்மையைத் தேடி எடுத்துத் துடைத்து நீட்டினேன். அவர் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அய்யய்யோ, இது வேணாம்! பல்லு முளைக்கிற குழந்தைய்யா, எதைக் குடுத்தாலும் வாயில வைக்கும். உதடு தீட்டாததா ஒண்ணு எடுத்துட்டு வா.”