கண்ணாடிக்காரர் யார் பக்கம்?

பேப்பர் கட்டுரையின் இரண்டாவது பத்தியில், முதல் வரியிலேயே அவள் குரல் நின்றுவிட்டது.

சுற்றி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தவில்லை. எச்சில் விழுங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கண் மட்டும் சத்தமில்லாமல் கீழே ஓடியது. தடபுடலாகத் திறப்பு விழா நடத்திவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றாத குடிநீர்த் தொட்டிகள். எல்லாம் அவளுடைய கட்சி ஆள்கிற ஊர்கள். அவள் வீட்டுக்காரர் அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர். இந்த ஊர்த் தொட்டிக்குத் தேங்காய் உடைத்தவரே அவர்தான்.

மூன்றாவது பத்திக்குத் தாவினாள்.

புதிதில்லை. சில மாதங்களாகவே இப்படித்தான்.

அந்தக் கூடத்தில் பேப்பர் வாசிப்பது அவள் வேலை. மற்றவர்கள் தாங்கள் சுற்றியதில் கொஞ்சம் கொஞ்சம் அவள் தட்டில் போட்டு அவள் கணக்கை நிரப்பிவிடுவார்கள். கொலை, கொள்ளை, ராசிபலன் எல்லாம் முடிந்த பிறகு நடுப்பக்கக் கட்டுரை. எழுதுகிறவரின் படத்தில் மூக்குக்கண்ணாடிதான் பெரிதாகத் தெரியும். அதனால் அவர் கண்ணாடிக்காரர். மனுஷர் யாரையும் விட்டுவைக்க மாட்டார். ஒரு வாரம் இந்தக் கட்சிக்கு மண்டகப்படி, மறு வாரம் அந்தக் கட்சிக்கு.

எதிரே உட்கார்ந்து சுற்றும் பேச்சித்தாய் அந்தக் கட்சி. அதற்கு விழுகிற வாரம் இவள் குரல் தெருமுனை வரை கேட்கும்.

பேச்சித்தாய் குனிந்த தலை நிமிராமல் சுற்றுவாள். அன்றைக்கும் அவள் பங்கு பீடி குறையாமல் இவள் தட்டில் விழும்.

இப்போதும் விழுந்தது.

"இந்தக் கண்ணாடிக்காரரு உங்க கட்சி ஆளுதாம் மைனி. உங்கள மட்டும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாருல்லா. இருக்கட்டும், நீங்க படிங்க."

கேலி இல்லை அதில். கோபமும் இல்லை. பேச்சித்தாய் அதை நம்பியே சொன்னாள்.

அதுதான் சுருக்கென்றது.

நேரில் பார்த்திராத மனுஷர். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர். அவரை இந்தக் கூடத்தில் கட்சிக்காரர் ஆக்கியது அவள்தான்.

வெட்கமாக இருந்தது.

"ஒரு பத்திய விட்டுட்டேன்" என்றாள்.

மேலே போய்ப் படித்தாள். தொட்டிகள் வந்தன. ஊர்கள் வந்தன. அவர்கள் ஊரும் வந்தது.

இலை வெட்டுகிற கத்தரிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தத் தொட்டியின் கதை அங்கே யாருக்குத்தான் தெரியாது? யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பேச்சித்தாய்க்குத்தான் முதலில் பொறுக்கவில்லை.

"போதும் மைனி. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"உங்க ஆள ஏசுனப்ப ஒரு வரி விட்டிருப்பனா நான்?"

கடைசி வரி வரை படித்தாள். பேப்பரை மடித்து வைத்தாள். மடியில் கிடந்த தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"பழைய பேப்பரெல்லாம் வீட்லதான் கெடக்கு. எடுத்துட்டு வாரேன். விட்ட பத்தியெல்லாம் அதுல இருக்கு."

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.