மருமகளுக்கு ஒரு ஸ்கேன்

“ஏம்மா நர்சு, ஸ்கேன்ல பிள்ளையோட மூக்கு, முழியெல்லாம் தெரியுமா?”

கேட்டது வெள்ளத்தாய். ராஜபாளையத்தில் டாக்டர் கிருபாபாயின் ஆஸ்பத்திரியில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் ரத்தினத்துக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

விஷயம் இதுதான். கல்யாணமாகி ஐந்தே மாதமான ரத்தினம், நேற்றுத் துணி துவைக்கும்போது “மாரு வலிக்கு அத்தை” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மார் வலித்தால் அது மசக்கைதான் என்பது வெள்ளத்தாயின் கட்சி. சாயங்காலத்துக்குள் வன்னியம்பட்டி முழுக்கச் சொல்லி, வளைகாப்புக்கு எட்டு டஜன் வளையலுக்கும் சொல்லிவைத்துவிட்டாள்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மருமகளுக்கென்று மாங்காய் வாங்கினாள். ரத்தினம் வேண்டாம் என்றதும், வீணாகக் கூடாதே என்று தானே உப்பும் வத்தல்பொடியும் தொட்டுத் தின்றாள். ராஜபாளையம் வருவதற்குள் ஒரு துண்டு மிச்சமில்லை.

ரத்தினத்தின் பயமோ வேறு. அவளோடு மில்லில் வேலை பார்த்த ஒருத்தியைப் போன வருஷம் மார்பில் கட்டி என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தனக்கும் அதுதானோ என்று நாலு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிக் குதிக்கிற அத்தையிடம் அதை எப்படிச் சொல்வது?

முறை வந்து இருவரும் உள்ளே போனதும் டாக்டர் கேட்டார். “வலி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

“விலக்காகிறதுக்கு ஒரு வாரம் முன்னால வந்து, விலக்கானதும் போயிருதா?”

“ஆமா டாக்டர்.”

“காம்புல நீர், ரத்தம் ஏதாவது கசியுதா? உங்க அம்மா, அக்கா யாருக்காவது மார்ல புத்துநோய் வந்திருக்கா?”

“இல்ல” என்பதற்குள் ரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பொறுமையாகத் தடவிப் பார்த்தார். மூத்திரப் பரிசோதனையும் ஆயிற்று.

“மசக்கையும் இல்ல, நீ பயப்படுற நோயும் இல்ல. இருபத்தோரு வயசு, மாசாமாசம் வந்து போற வலி. கட்டி எதுவும் தட்டுப்படல. இதுக்கு ஸ்கேனே வேண்டாம்” என்றார் டாக்டர். “ஆனா கட்டி தென்பட்டாலோ, ஒரே இடத்துல விடாம வலிச்சாலோ, காம்புல ரத்தம் வந்தாலோ உடனே வா. அப்ப ஸ்கேன் பார்ப்போம்.”

ரத்தினம் துள்ளிக் குதிக்காத குறைதான். டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளத்தாயின் முகம்தான் சுண்டிப்போயிற்று. “அப்பம் எட்டு டஜன் வளையலை நான் என்ன செய்ய? மாரு வலிக்குன்னு டாக்டர்ட்ட ஓடியாரது இந்தக் காலத்துப் பிள்ளைகதான். எனக்குந்தான் ரெண்டு மாசமா கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனத்து வலிக்கு. நான் யார்ட்டயாச்சும் சொன்னேனா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “உங்களுக்கு வயசென்ன?”

“நாப்பத்தொண்ணு. பதினாறுலயே கட்டிக் குடுத்துட்டாக.”

“அவளுக்கு ஸ்கேன் வேண்டாம்னா உங்களுக்கும் வேண்டாம்னு இல்ல. உங்க வயசுக்குச் சும்மா விடக்கூடாது. உள்ள வாங்க.”

அரை மணி நேரம் ஆயிற்று. நர்ஸ் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள். ரத்தினம் ஆண்டாளுக்கு ஒரு மாலை நேர்ந்துகொண்டாள். போதாது என்று தோன்றவே, இன்னொன்றும் நேர்ந்துகொண்டாள்.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து சீட்டு எழுதினார். “ஸ்கேனுக்கு எழுதியிருக்கேன். இன்னைக்கே எடுத்துருங்க.”

வெள்ளத்தாய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போட்டுப் பேசியே பழகிய வாய், இப்போது முணுமுணுத்தது. “ஏட்டி ரத்தினம், ஒன் மாமாவைப் பாத்துக்கோட்டி. அந்த மனுசனுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. பேரன் மொகத்தப் பாக்காமலே போயிருவேன் போலிருக்கே!”

“அப்பிடிச் சொல்லாதீக அத்தை! என் தாலிக்கொடிய வித்தாவது மதுரைக்குக் கொண்டுபோறேன்” என்று ரத்தினம் அவளைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இருவரும் வாய்விட்டு அழுதார்கள். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

வெள்ளத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டாள். “மறைக்காமச் சொல்லுங்க டாக்டர். மாருல கட்டி எம்புட்டுப் பெருசு?”

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னார்.

“ஸ்கேன் மாருக்கு இல்லம்மா, வயித்துக்கு!”